கொந்தளிப்பில் அகலப் பலகை

சனி, 3 பிப்ரவரி 1979

காலையில் பனி. பதினொன்றுக்கு மேல் வாடைக் காற்று. மூன்று மணிக்குக் கடல் முழுக்க வெள்ளை நுரை.

புது நோட்டு. பள்ளியில் மிஞ்சிப்போன விளையாட்டு வருகைப் பதிவேடு, பாதிக்குமேல் வெறும் பக்கம். டிரில் டீச்சர் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்.

பாய் கட்டிய பலகைமேல் நின்று கடலில் ஓட்டப் பழகுகிறேன். இன்று விழுந்த கணக்கு:
பின்பக்கமாக, பாய் என் மேல் கவிழ்ந்து – 11
முன்பக்கமாக, பாய்க்கு மேல் நானே பறந்து – 7
எப்படி என்றே தெரியாமல் – 5
ஆக 23.

ஆற்று முகத்துவாரத்துக்கு உள்ளே பிரச்சினையே இல்லை. தண்ணீர் தட்டையாக இருக்கிறவரை நான் ராணி. மணல் திட்டைத் தாண்டிக் கடலுக்குள் நுழைந்ததும் கதை வேறு. குட்டை குட்டையாக அலை, ஒழுங்கில்லாமல், நாலு பக்கத்திலிருந்தும். பலகையின் மூக்கு எழும்பித் தண்ணீரைப் பளார் பளார் என்று அறைகிறது. அறைக்கு ஒரு தரம் பல் கிட்டுகிறது. பிறகு ஓர் ஓரம் தூக்கும். அடுத்த நிமிஷம் வாயில் உப்பு.

குறுகிய பலகை என்றால் அலையை வெட்டிக்கொண்டு போகுமாம். என்னுடையது பன்னிரண்டு அடி நீளம், கிட்டத்தட்ட மூன்று அடி அகலம். இரண்டு பேர் நின்று பழகுவதற்காகச் செய்த பழைய ரகம். இல்ஸா கொடுத்துவிட்டுப் போனது. அவள் கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர். அடையாற்றில் இரண்டு மாதம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊர் திரும்பும்போது, "இது உனக்கு, வசந்தா. கடலில் ஓட்டு, ஆற்றில் மட்டும் வேண்டாம்" என்றாள். ஆற்று நாற்றத்துக்காகச் சொன்னாளோ என்னவோ.

பலகை இருப்பது குப்பத்தில், ஆரோக்கியத்தின் குடிசைப் பக்கத்தில், வலைகளோடு. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், முப்பத்து நான்கு. கூடை மீன்காரி. கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, நீ மேல நிக்கிற நேரத்த விட உள்ள முங்குற நேரந்தான் ஜாஸ்தியா கீது."

"நாளைக்குப் பார்."

"நாளிக்கும் இத்தத்தான் பாக்கப் போறேன்."

மயிலாப்பூரில் அண்ணா வீட்டுக்குத் திரும்பும்போது ஆறரை. மன்னி கதவைத் திறந்தபோதே மூக்கைச் சுருக்கினாள். குளித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும் என்பது அண்ணாவின் உத்தரவு. குளித்தேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சாம்பார் சாதம் எரிந்தது. ஸ்பூன் கேட்டேன், அண்ணா முறைத்தான்.

ஞாயிறு, 4 பிப்ரவரி

காற்று நேற்றுபோலவே.

படகு கிளப்புக்குப் போனேன். 25-ஆம் தேதி போட்டி. பாய்ப்படகுகளோடு இந்த வருஷம் முதல்முறையாகப் பலகைகளுக்கும் ஒரு பந்தயம். முகத்துவாரத்தில் ஆரம்பம், கடலில் சிவப்பு டிரம்மைச் சுற்றி, தெற்கே எலியட்ஸ் பீச்சுக்கு நேரே மிதக்கும் மஞ்சள் டிரம்மைச் சுற்றி, திரும்ப முகத்துவாரம். மொத்தம் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூவருமே கிளப்பின் மெம்பர்கள், மூவரிடமும் வெளிநாட்டிலிருந்து வந்த குறுகலான புதுப் பலகை.

செக்ரெட்டரி வரதன். வெள்ளை ஷார்ட்ஸ், வெள்ளை மீசை. மரியாதையானவர். மரியாதைதான் தாங்க முடியவில்லை.

"லேடீஸுக்கு ஆத்துக்குள்ளயே ஒரு ரவுண்ட் வெக்கலாம்னு இருக்கோம், மேடம். சேஃப்."

"எத்தனை லேடீஸ்?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப நான் யாரோட போட்டி போடறது?"

சிரித்தார். பிறகு பலகையைப் பற்றி விசாரித்தார். அகலத்தைச் சொன்னேன். "அது போர்டு இல்ல மேடம், கட்டில். கொந்தளிப்புல கட்டில ஓட்ட முடியாது" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று இளைஞர்களும் சிரித்தார்கள். அவர்களில் சுருட்டைமுடிக்காரன் மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

படிவம் கொடுத்தார். கடைசியில் ஒரு கோடு. பெண்கள் என்றால் கணவர் அல்லது காப்பாளர் கையெழுத்து.

"என் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆறது."

"ஐ ஆம் சாரி. அண்ணா, அப்பா யாராவது…"

குரல் தாழ்ந்துவிட்டது. எல்லாருக்கும் தாழ்கிறது. ஆறு வருஷமாக என் எதிரே யாரும் முழுக் குரலில் பேசுவதில்லை. கடல் ஒன்றுதான் குரலைத் தாழ்த்தாமல் கத்துகிறது.

புதன், 7 பிப்ரவரி

மேகம். எட்டாம் வகுப்புக்கு ஹை ஜம்ப். மணல் குழியில் கல் இருந்தது, பொறுக்கினேன்.

"குதிச்சு இறங்கும்போது முட்டி மடங்கணும், விறைப்பா நிக்காதே" என்று நாற்பது பெண்களுக்கும் நாற்பது தடவை கத்தினேன். முப்பதாவது பெண் இறங்கும்போது என் வாய் அப்படியே நின்றுவிட்டது. பலகைமேல் நான் எப்படி நிற்கிறேன்? கம்பம் மாதிரி. அடி வாங்க வாங்க இன்னும் விறைத்துக்கொண்டு.

பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். மடைச்சி.

இரவு சாப்பாட்டின்போது படிவத்தை அண்ணாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தான். பாங்கில் ஹெட் கிளார்க், எதையும் முழுக்கப் படிப்பான்.

"இது எதுக்கு உனக்கு?"

"ஆசையா இருக்கு."

"வயசு என்ன ஆறது?"

"அதான் தெரியுமே உனக்கு."

"கையெழுத்துப் போட மாட்டேன், வசந்தா. இந்தாத்துல இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்."

படிவத்தை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ரசம் பட்டு ஒரு மூலை நனைந்தது.

சனி, 10 பிப்ரவரி

வாடை. நேற்று இரவு தூறல். தண்ணீர் கலங்கல்.

முட்டியை மடக்கி நின்றேன். விழுந்தது 14. பலகை எகிறட்டும் என்று விட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டால் பாதிக் குலுக்கல் காலோடு போய்விடுகிறது. ஆனால் மூக்கு இன்னும் எழும்புகிறது. காற்று அதன் அடியில் புகுந்து தூக்குகிறது, வாழை இலையைத் தூக்குவதுபோல.

பிற்பகல் நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

மூன்றாவது தடவை கரைக்கு வந்தபோது ஆரோக்கியம் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள்.

"ரெண்டு பேரு நிக்கலாம்னு சொன்னல்ல. நான் ஏறிக்கவா?"

"நீயா?"

"இந்தக் கடல்ல துன்னு, இந்தக் கடல்ல புள்ள பெத்து, முப்பது வருசமா கரையிலேந்து பாத்துக்கினே கீறேன். எங்க ஆளுங்க பொம்பளைய கட்டுமரத்துல ஏத்த மாட்டாங்க. உன்னுது மரம் இல்லியே."

பாய்க் கம்பத்தின் அடியில் காலை நீட்டி உட்காரச் சொன்னேன். பின்னால் நான். கரையிலிருந்து அவள் புருஷன் ஓடிவந்து கூப்பாடு.

"ஏய் ஆரோக்கியம்! எறங்குடி! எறங்குன்றேன்ல!"

"கூவிக்கினே இருக்கட்டும். நீ வுடு" என்றாள் என்னிடம்.

விட்டேன். மணல் திட்டைத் தாண்டினோம். கொந்தளிப்பு ஆரம்பித்தது. முட்டியை மடக்கிக்கொண்டு முதல் அறைக்குக் காத்திருந்தேன். அறை வரவில்லை. மூக்கு அலையோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. ஆரோக்கியத்தின் கனம் கம்பத்தடியில் உட்கார்ந்து பலகையை அழுத்திப் பிடித்திருந்தது! எழும்பிய பலகைக்கு வேண்டியிருந்தது முன்னால் ஒரு கனம். அவ்வளவுதான் ரகசியம்.

ஆரோக்கியம் கழுத்தைத் திருப்பிக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரை தூரமாகப் போனதும் மெதுவாக, "மாதா கோயிலு எம்மாஞ் சின்னதா தெரியிது பாரு" என்றாள். ஏதோ நினைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரன் தெனம் இத்தப் பாக்கறான். ஒரு நாளாவது வந்து சொல்லிக்கீறானா?"

திரும்பி வந்தபோது புருஷன் கரையில் இல்லை. குடிசையில் அவளுக்கு என்ன காத்திருந்ததோ. கேட்டதற்கு, "அத்த நான் பாத்துக்கிறேன், நீ நாளிக்கு வா" என்றாள்.

ஞாயிறு, 11 பிப்ரவரி

வெயில் சுள்ளென்று. காற்று மத்தியானத்துக்கு மேல்.

ஆரோக்கியம் இல்லாமல் ஆரோக்கியத்தின் கனம் வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை.

பாயைப் பிடிக்கக் குறுக்கே கட்டியிருக்கும் கழியைக் கையால் இழுக்கக் கூடாது, அதில் தொங்க வேண்டும். உடம்பின் எடை கை வழியாகக் கழிக்கு, கழி வழியாகக் கம்பத்துக்கு, கம்பம் வழியாகப் பலகையின் வயிற்றுக்கு. காலில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மூக்கு தாழ்கிறது. பத்து தடவையில் இரண்டு தடவை கைகூடியது. அந்த இரண்டிலும் அகலம் எனக்குச் சாதகம். நடுவில் நிற்காமல் ஓரத்துக்குக் காலை நகர்த்தலாம், நகர்த்தினால் பலகை படிகிறது.

விழுந்தது 9.

ஆரோக்கியம் கூடையோடு வந்தாள். கன்னத்தில் வீக்கம் எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டேன். "மூணு வேளை எங்கையால சோறு கெடையாதுன்னேன். கம்னு ஆய்ட்டான்."

செவ்வாய், 13 பிப்ரவரி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்றாம் பீரியட் முடிந்ததும் எச்.எம். கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு இன்லண்ட் லெட்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வசந்தா, பேர் போடாம ஒரு லெட்டர் வந்திருக்கு. கரஸ்பாண்டென்ட்டுக்கும் ஒரு காப்பி போயிருக்கு. அதனால நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

படிக்கக் கொடுத்தார். உங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், கணவனை இழந்தவர், அரைகுறை உடையில், மீனவ ஆண்கள் நடுவே, தனியாகக் கடலில், மாணவிகளுக்கு என்ன முன்மாதிரி, தக்க நடவடிக்கை.

வார்த்தைகள் பிறகுதான் புரிந்தன. முதலில் கண்ணில் பட்டது எழுத்து. மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம். தேதிக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. இந்த வட்டங்களை எனக்கு நாலு வயதிலிருந்து தெரியும். என் சிலேட்டில் முதல் 'க்' போட்டுக் காட்டிய கை.

"யாருன்னு தெரியறதா?" என்றார் எச்.எம்.

"இல்லை, மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவனைக் காப்பாற்றவா? இல்லை. அவனிடம் நானே கேட்க வேண்டும், வேறு யாரும் முந்தக் கூடாது.

26-ஆம் தேதிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதினால் போதும், முடித்துவிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

சாயங்காலம். அண்ணா ஈஸிசேரில் பேப்பர். மன்னி உள்ளே.

"லெட்டர் எழுதினது நீதானே?"

பேப்பரை மெதுவாக மடித்தான். இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

"ஆபீஸ்ல நாலு பேர் கேக்கறா. உங்க சிஸ்டரைக் கட்டுமரக்காராளோட பாத்தோம்ங்கறா. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"ஆமாம்னு சொல்லேன்."

"நேரே சொன்னா நீ கேக்க மாட்டே."

"அதனால பேர் போடாம எழுதினியா? என் வேலை போனா?"

"வேலை போகாது. உன்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பா, அவ்வளவுதான். உன் நல்லதுக்குத்தான் வசந்தா. பேர் போட்டா உன் மானம் போயிடும்னுதான்."

"என் மானமா, உன் மானமா?"

 சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. மன்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பிடவில்லை. பசித்தது. அதுவும் கோபமாக இருந்தது, இவ்வளவு நடந்த பிறகும் பசிக்கிறதே என்று.

வெள்ளி, 16 பிப்ரவரி

அரை நாள் லீவ். தி. நகரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டல். இரண்டு பேருக்கு ஓர் அறை. கூட இருப்பவள் டெலிபோன் ஆபீஸ் பெண், தூக்கத்திலும் "நம்பர் ப்ளீஸ்" என்கிறாளாம், முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள்.

கொண்டுவந்தவை: டிரங்குப் பெட்டி. அவர் போட்டோ. இரண்டு டிராக் பேன்ட். முழுக்கைச் சட்டை மூன்று. விசில். தேங்காயெண்ணெய்.

அண்ணா ஆபீஸ் போன பிறகுதான் கிளம்பினேன். பயந்து அல்ல. அவன் வாசலில் நின்று 'போகாதே' என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்.

மன்னி பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். ரிக்‌ஷா வரை வந்தாள். "உனக்காவது போக ஓர் இடம் கிடைச்சுதே" என்றாள். பதினைந்து வருஷத்தில் மன்னி எனக்குச் சொன்ன முதல் சொந்த வார்த்தை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ரிக்‌ஷாக்காரரைப் போகச் சொல்லிவிட்டேன். நாளைக்காவது ஏதாவது தோன்றும்.

சனி, 17 பிப்ரவரி

காற்று பலம். காலையிலேயே.

கிளப். படிவத்தைக் கொடுத்தேன். ரசக் கறை அப்படியே. வரதன் கடைசிக் கோட்டைப் பார்த்தார். காப்பாளர்: வசந்தா. உறவு: நானே.

"மேடம், இது செல்லாதே."

"எந்த விதியில இருக்கு? காட்டுங்கோ."

விதிப் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"விதின்னு இல்ல… வழக்கம். ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்தான். அதான் எழுதியிருக்கேனே."

நீண்ட மூச்சு விட்டு சீல் குத்தினார். "கட்டிலோட வாங்க" என்றார்.

பிற்பகல் கடலில். சிவப்பு டிரம் வரை போய்விட்டேன். தெற்கே திரும்பினதும் கெட்டது. காற்று பின்பக்கம் வந்து வேகம் எடுத்தால் பலகை ஒருக்களித்து எழுந்து என்னை உதறுகிறது. எட்டு தடவை, ஒரே மாதிரி. எட்டாவது தடவை எரிச்சலில், பலகையின் நடுவே பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையை ஓங்கி உதைத்தேன். பாதி மேலே வந்துவிட்டது. ஏறி நின்றேன். எழும்பவே இல்லை! வேகத்தில் அந்த நடுப்பலகைதான் இறக்கை மாதிரி பலகையைத் தூக்கியிருக்கிறது. காற்றை எதிர்த்துப் போகும்போது முழுக்கக் கீழே, காற்றோடு போகும்போது பாதி மேலே. இதை இல்ஸா சொன்னாளா? சொல்லியிருப்பாள். ஆற்றில் காதில் ஏறவில்லை.

கால் கட்டைவிரல் நகம் போச்சு. சந்தோஷம்.

வியாழன், 22 பிப்ரவரி

காற்றே இல்லை. புழுக்கம். ஹாஸ்டல் சப்பாத்தி தோல் மாதிரி.

அண்ணாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று பஸ்ஸில் அவனைப் போலவே ஒரு முதுகு. இறங்கி நடந்தேன், வெயிலில், இரண்டு ஸ்டாப்.

விளக்கக் கடிதம் மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. 'வருந்துகிறேன்' என்ற இடத்தில் பேனா நிற்கிறது.

பயமும் இருக்கிறது. எழுதி வைக்கிறேன். வேலை போனால் ஹாஸ்டலும் போகும், ஹாஸ்டல் போனால் மயிலாப்பூர்தான்.

ஞாயிறு, 25 பிப்ரவரி

பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பலத்த வாடை. காலையிலிருந்தே கட்டுமரங்கள் இறங்கவில்லை. பாய்ப்படகுப் பந்தயத்தையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். வரதன் வந்து எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று எல்லாரிடமும் சொன்னார், என்னைப் பார்த்தபடி. நான் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் கரையில், குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு. "டீச்சரம்மா, வுழுந்தா ஏறு. அவ்ளதான்!"

மூன்று மணி. விசில். ஆற்றுக்குள்ளே அவர்கள் மூவரும் அம்பு மாதிரி போய்விட்டார்கள். நான் கடைசி. கிளப் வராந்தாவிலிருந்து யாரோ கை தட்டிச் சிரித்த சத்தம் முதுகில் விழுந்தது.

மணல் திட்டு தாண்டியதும் கடல் எங்களைச் சமமாக்கியது. அலை ஒரு பக்கம் வந்தால் காற்று ஒரு பக்கம் தள்ள, இடையில் கரையில் மோதித் திரும்பும் தண்ணீர். குறுகிய பலகைகள் உருளத் தொடங்கின. ஒருவன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். இன்னொருவன் எழவே நேரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தான். நான் நடுப்பலகையை முழுக்க இறக்கி, முட்டியை மடக்கி, கழியில் தொங்கினேன். பலகை அறைந்தது. அறையட்டும். என் கண் சிவப்பு டிரம்மில். பலகையைக் குனிந்து பார்த்தால் விழுவேன், அது நன்றாகத் தெரியும்.

டிரம்முக்கு இருபது கஜத்தில் முதல் தடவை விழுந்தேன். பாய் என் மேல். அடியில் பச்சை வெளிச்சம், மூச்சு இல்லை. வெளியே வந்து ஏறி, கயிற்றைப் பிடித்துப் பாயை இழுத்தேன். தண்ணீர் நிறைந்த பாய், ஒரு மாட்டின் கனம். இடுப்பு விட்டுப்போகும்போல இருந்தது. 'இருபத்து மூணு தடவை இழுத்தவடி நீ' என்று சத்தமாகவே சொன்னேன்.

டிரம்மைச் சுற்றினேன். அங்கே ஒருவன் பலகைமேல் குப்புறப் படுத்து மீட்புப் படகுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், "அடிபட்டுதா?" என்று கத்தினேன். "இல்ல, ஆன்ட்டி! கை ஓஞ்சு போச்சு!" ஆன்ட்டி. சரி.

தெற்கே திரும்பியதும் நடுப்பலகையை உதைத்துப் பாதி தூக்கினேன். எடையைப் பின்காலுக்கு நகர்த்தினேன். அந்த ஓட்டத்தை எப்படி எழுதுவது? கட்டில் பறந்தது. அலை முதுகிலிருந்து அலை முதுகுக்கு. அகலம் இருந்ததால்தான் இறங்கும்போது மூழ்கவில்லை. இரண்டாவது ஆளை மஞ்சள் டிரம்முக்கு முன்னாலேயே தாண்டினேன். தண்ணீரில் கிடந்த அவன் என்னை நம்பாமல் பார்த்தான்.

திரும்ப வருவதுதான் நரகம். காற்றை எதிர்த்து, வளைந்து வளைந்து. மூன்று தடவை விழுந்தேன். கையில் தோல் உரிந்து கழியில் ரத்தம். முன்னால் சுருட்டைமுடிக்காரன் மட்டும். அவனைப் பிடிக்க முடியவில்லை. அவன் நன்றாக ஓட்டினான், எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவதாக முகத்துவாரத்துக்குள் நுழைந்தேன். ஆரோக்கியம் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். குப்பத்துப் பெண்கள் போட்ட கூச்சலில் வராந்தாவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

கிளப்பின் கரும்பலகையில் முடிவு எழுதியிருந்தது. முதல் பரிசு, சுருட்டைமுடிக்காரன். இரண்டாவது, நான் தாண்டி வந்தவன், பத்து நிமிஷம் கழித்துக் கரைக்கு வந்தவன். மூன்றாவது, வெறும் கோடு.

"என் பேர்?"

வரதன் தொண்டையைக் கனைத்தார். "நீங்க கெஸ்ட் என்ட்ரி, மேடம். மெம்பர்ஸுக்குத்தான் பிளேஸ். ஆனா வெரி ஸ்போர்ட்டிங். கமிட்டி சார்பா ஒரு ஸ்பெஷல் பொக்கே…"

பூங்கொத்து வேண்டாம் என்றேன். சாக்பீஸை எடுத்தேன். இரண்டாவது இடத்தில் இருந்த பெயரை ஈரக் கையால் அழித்து, ஒரு வரி கீழே எழுதினேன். இரண்டில் என் பெயர், பெரிய எழுத்தில். கரும்பலகையில் கொஞ்சம் ரத்தம் பட்டுவிட்டது.

வரதன், "திஸ் இஸ் நாட் டன்" என்றார். அழிக்க யாரும் வரவில்லை. சுருட்டைமுடிக்காரன் கிட்டே வந்து, "நாலு பேருக்கும் தெரியும் சார், அவங்கதான் செகண்ட்" என்றான். முழுக் குரலில்.

திங்கள், 26 பிப்ரவரி

மேகமில்லை. கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்னிவிட்டது டெலிபோன் ஆபீஸ் பெண்.

விளக்கக் கடிதம், ஒரே மூச்சில், கிழிக்காமல். நகல்:

1. கடலுக்குப் போவது நான்தான்.
2. மீனவக் குடும்பத்தோடு பழகுவது உண்மை. அவர்கள் என் சிநேகிதர்கள்.
3. உடை அரைகுறை என்பது தவறு. கணுக்கால் வரை பேன்ட், முழுக்கைச் சட்டை. நனைந்திருக்கும், கடல் அப்படி.
4. மாணவிகளுக்கு என்ன முன்மாதிரி என்று கேட்டிருக்கிறது. விழுந்தால் ஏற வேண்டும் என்பது.
5. வருத்தம் தெரிவிக்கச் சொன்னீர்கள். வருத்தம் இல்லை.

எச்.எம். இரண்டு தடவை படித்தார்.

"அஞ்சாவதை எடுத்துடேன் வசந்தா. நாலோட நிறுத்தினா நான் சமாளிச்சுடுவேன்."

"அஞ்சாவதுதான் மேடம் விளக்கம். மத்ததெல்லாம் விவரம்."

வாங்கி ஃபைலில் வைத்தார். நான் வெளியே வரும்போது, "கையில மருந்து போடு" என்றார்.

வியாழன், 1 மார்ச்

வெயில் ஏறிவிட்டது.

கரஸ்பாண்டென்ட் பதில். விளக்கம் பெறப்பட்டது. இனி போட்டிகளில் பள்ளியின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான், இரண்டு வரி. பயன்படுத்தவே இல்லையே. வேலை இருக்கிறது!

ஸ்டாஃப் ரூமில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, "தண்ணி ஆழமா இருக்குமா?" என்றாள்.

மன்னிக்குக் கார்டு போட்டேன். ஹாஸ்டல் விலாசமும் பார்வையாளர் நேரமும் மட்டும்.

சனி, 3 மார்ச்

காலை கடல். தென்றலுக்குத் திரும்பப் பார்க்கிறது காற்று. ஆரோக்கியம் இன்று நின்றே வந்தாள், உட்காரவில்லை. இரண்டு பேரும் விழுந்தோம். அவள் கெட்ட வார்த்தை சொன்னாள், நானும்.

நாலு மணிக்கு வார்டன் கூப்பிட்டாள். விசிட்டர்ஸ் பெஞ்சில் அண்ணா. குடை, மஞ்சள் பை. இளைத்திருந்தான். பையில் என் தபால்கள், மன்னி கொடுத்த மைசூர்பாகு.

பையை என் பக்கம் நகர்த்தினான். "வேலைக்கு ஒண்ணும் ஆகலையாமே" என்றான்.

"ஆகலை."

"ஆத்துக்கு வா, வசந்தா. மன்னி பேசவே மாட்டேங்கறா. நடந்தது நடந்து போச்சு."

 சிலேட்டில் எழுதிய கை முழங்கால்மேல் கிடந்தது. ஆனாலும் உள்ளே போய் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து வந்து அவன் எதிரே வைத்தேன்.

"நான் எழுதினேன்னு எச்.எம்.முக்கு எழுது. பேர் போட்டு. அன்னிக்கே வரேன்."

"என்னடி இது."

"ரெண்டு வரி போதும்."

பேனாவை எடுத்தான். மூடியைத் திருகினான். தேதி எழுதினான். அடியில் கோடு போட ஸ்கேல் தேடுவதுபோலப் பெஞ்சில் கையைத் தடவினான். அதற்குமேல் நகரவில்லை. மற்ற பெஞ்சுகளில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த சனிக்கிழமை வரேன்."

"பேனாவுல மை ரொப்பிண்டு வா" என்றேன்.

சிரிக்கவில்லை. நானும்.